முக்குளிப்பான் மூடிய குப்பை

கிளியூர் பாப்பாத்திக்குக் குப்பை என்றாலே கோபம் வரும். காபி எஸ்டேட் குளத்தில் பாசி வாருவது அவள் வேலை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் கண்ணில் படுவதையெல்லாம் கரைக்கு இழுத்துவிடுவாள்.

அன்று கோரைப்புல் ஓரத்தில் அழுகிய பாசிக் குவியல் ஒன்று மிதந்தது. "சனியன், இது எப்ப வந்துச்சு?" என்று திட்டிக்கொண்டே வெடுக்கென்று இழுத்தாள். கையில் இளஞ்சூடு பட்டது. பாசியை விலக்கிப் பார்த்தால், உள்ளே கறை படிந்த சின்ன முட்டைகள். சற்றுத் தள்ளி ஒரு முக்குளிப்பான் தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது. அவள் வருவதைக் கண்டதும் முட்டைகளை ஈரப் பாசியால் மூடிவிட்டு முங்கிய பறவை அதுதான்.

"உன்ற ஊட்டையே பிச்சுப்போட்டனே சாமி!"

குவியலை மெல்லத் தள்ளிக்கொண்டு போய், தலையில் கட்டியிருந்த துண்டைக் கிழித்துக் கோரையோடு சேர்த்துக் கட்டினாள். பழையபடி பாசியைப் போட்டு மூடினாள். கரையேறி அசையாமல் நின்றாள். வெகுநேரம் கழித்துப் பறவை வந்து ஏறி உட்கார்ந்தது.

மாலையில் எஸ்டேட் கணக்கும் வேலையும் பார்க்கும் ரைட்டர் விஜயகுமார் வந்தார். "ஏம்மா, அந்த மூலையில என்ன அது?"

"அழுகுன குப்பைங்க. நாளைக்கு வாரிடறனுங்க."

அடுத்த மூன்று வாரமும் அவர் கேட்டபோதெல்லாம் அதையேதான் சொன்னாள். கடைசியாக அவர் கேட்க வாயெடுத்தபோது, முக்குளிப்பான் முதுகில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு கோரைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

ரைட்டர் அதைப் பார்த்தார். பாப்பாத்தியைப் பார்த்தார்.

"உன்ற குப்பை நொம்ப நல்லா நீந்துதும்மா" என்றார்.