புளி போட்டு விளக்கிய அமெரிக்கச் சதங்கள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணியளவில் ஜெர்மனியின் எசன் நகரில் ரயில் ஏறினேன். பீலெஃபெல்ட் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீற்றர். ஹம் நகரம் தாண்டியதும் புகைபோக்கிகள் மறைந்து சோள வயல்கள் வந்தன. அங்கே இருக்கும் ராசன் அண்ணையும் அவர் மனைவி வசந்தா அக்காவும் அடுத்த கிழமை மகளோடு வாழக் கனடா போகிறார்கள். தன் அமெரிக்கச் செம்புக் காசுகளை வந்து வாங்கிக்கொண்டு போகும்படி அண்ணை சொல்லியிருந்தார்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் நானும் அண்ணையும் ஒரே அறை. வேலைக்கு அனுமதி இல்லாத காலம். ஞாயிறுகளில் பழைய சாமான் சந்தையைச் சுற்றுவோம். அங்கேதான் 1798ஆம் ஆண்டு அமெரிக்கச் சதக் காசு ஒன்றை அண்ணை பத்து மார்க்குக்கு வாங்கினார். உள்ளங்கையில் கனக்கும் பெரிய காசு. ஒரு பக்கம் கூந்தலில் நாடா கட்டிய பெண், மறுபக்கம் இலைவளையம். அறை யன்னலோரம் நின்று அதை மாறி மாறிப் பார்த்தோம். பிறகு அதோடு மொத்தம் ஒன்பது சேர்ந்தன. காலம் ஏற்றிய மண்ணிறம்தான் செம்புக் காசின் பெறுமதி, துணியால்கூடத் துடைக்கக்கூடாது என்பார்.

மதியம் அக்கா நண்டுக்கறியோடு சோறு போட்டார். சாப்பிட்ட பின் அண்ணை பெட்டியைத் திறந்தார். ஒன்பதும் இன்றைக்கு அடித்தவை போலப் பளபளத்தன.

"கறுத்துப்போய்க் கிடந்ததுகள் தம்பி. வடிவாய்க் குடுப்பமெண்டு காலமை புளி போட்டு விளக்கினனான்," என்றார் அக்கா.

அண்ணை ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நல்ல வடிவாய் இருக்கிறது என்றேன். அக்கா அருகில் வந்து அமர்ந்து, இந்தப் பெண் யார் என்று கேட்டார். அண்ணை ஒவ்வொரு காசாக எடுத்துச் சொல்லத் தொடங்கினார். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

ட்ராம் தரிப்பிடம் வரை அண்ணை கூட வந்தார்.

"உனக்கெண்டு வைச்சது பழுதாய்ப் போச்சு. ஆனா இவ்வளவு வருசமும் அவளை நான் உந்தப் பெட்டியைத் தொட விடேல்லை. இண்டைக்குத்தான் பக்கத்தில இருந்து கேட்டவள்."

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது அக்கான்ரை. கொண்டு போங்கோ, அண்ணை."

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் மடியில் எட்டுக் காசுகள். மண்ணிறத்தில் ஒருநாளும் தெரியாத கூந்தல் இழைகள் வெயிலில் தெரிந்தன. பெறுமதி போன இவற்றைச் சேகரிப்பவர் எவரும் இனி விலைக்குக் கேட்கமாட்டார், என்னிடமே இருக்கும். அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. எசனிலிருந்து இதே ரயில் நாளைக்கும் பீலெஃபெல்ட் போகும். அங்கே இறங்குவதற்குத்தான் இனி எனக்கு ஆளில்லை.