முழு மனதோடு ஆதரிக்கிறோம்

இராமலிங்கத்தை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குப் பின்னால், போட்டோஸ்டேட் கடை வாசலில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. குடியுரிமை கிடைக்காதவர்களின் சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தண்ணீர் பில் என்று எதற்கும் மலாயில் மனு எழுதித் தருவார். எழுதி முடித்ததும் அதை உரக்கப் படித்துத் தானே ரசிப்பார். அந்த ரசிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்த மனிதர். பதினேழு வயதில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தூக்கப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பெரிய நாற்காலியில் இருப்பவனிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் நன்றாக ஐஸ் வைக்க வேண்டும். அவருடைய மனு எதுவானாலும் அரசாங்கத்துக்கு நன்றி சொல்லித்தான் தொடங்கும். கூரை பறந்துபோய் நனைந்துகொண்டிருந்தவனுக்கு எழுதிய மனுவில்கூட முதல் மூன்று வரி நன்றிதான்.

"மொதல்ல கும்பிடு போடணும்மா. அப்புறம்தான் வயித்து வலியச் சொல்லணும்" என்பார்.

அந்தக் கும்பிடு எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

என் அக்கா சாந்தமேரி கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் தொழிற்சாலை வேலை செய்தவள். அங்கே சரக்குப் பலகை சரிந்து விழுந்து இடது கால் நசுங்கிப்போனது. இப்போது இரண்டு ஊன்றுகோல். ரயிலேறிப் போகும் தூரத்தில், தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் போன் எடுக்கும் வேலை கிடைத்த பிறகுதான் அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். ஆனால் எங்கள் ரயில் ஸ்டேஷனில் லிப்ட் கெட்டு இரண்டு வருடம் ஆகிறது. குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அக்கா மேம்பாலப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள். பாதி நாள் ரயிலைத் தவறவிடுவாள். அடுத்தது வர அரை மணி நேரம். இந்த வருடக் கடைசிக்குள் நேரத்துக்கு வரப் பழகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிங்கப்பூருக்கு அதிவேக ரயில் விடும் விஷயம் வந்தது. அதற்கு அரசாங்கப் பணம் கொடுக்கலாமா, பொதுமக்கள் கருத்துச் சொல்லுங்கள் என்று மூன்று மாதத் தவணை விட்டார்கள். போராங் என்கிற அந்தப் பாரத்தில் பெயர், அடையாள அட்டை எண், அதன்கீழே ஒரு பக்கம் வெற்றிடம்.

"ஒன்றரை மணி நேரத்துல சிங்கப்பூராம்! எனக்கு அந்தப் பக்கத்து பிளாட்பாரத்துக்குப் போகவே இருபத்தஞ்சு நிமிஷம் ஆவுது. மொதல்ல லிப்ட ரிப்பேர் பண்ணச் சொல்லுலா. அது வரைக்கும் அதுக்கு ஒரு காசு குடுக்கக்கூடாது" என்றாள் அக்கா.

நானும் அவளும் வீடு வீடாகப் போனோம். எங்கள் ஸ்டேஷனை நம்பி வாழும் நூற்று அறுபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார்கள். எழுத யார்? வேறு யார், இராமலிங்கம்தான். ஒன்பது நாள் உட்கார்ந்து, ஒருவர் கதை இன்னொருவரோடு கலக்காமல், நூற்று அறுபத்துமூன்றையும் கையாலேயே எழுதினார். ஒரு வெள்ளிகூடப் பணம் வாங்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது என்றேனே, அந்த ஒன்பது நாள் கொஞ்சம் பிடித்திருந்தது.

எங்கள் தெருத் தம்புசாமி மட்டும் இராமலிங்கத்தோடு பழைய சண்டை என்பதால் அந்தக் கணக்கில் சேராமல் தனியாகத் தானே எழுதிக்கொண்டார்.

தவணை முடிந்து இரண்டு மாதத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கருத்துக் கணக்கை விளக்கப் போகிறார்களாம். தமிழர் வட்டாரம் என்று முகுந்தன் என்ற தமிழ் அதிகாரியை அனுப்பியிருந்தார்கள். திரையில் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டே வந்தவர் எங்கள் ஸ்டேஷன் பெயரில் நின்றார்.

"இந்த ஏரியாவுக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ். ஆதரவு நூத்தி அறுபத்துமூனு. எதிர்ப்பு ஒன்னே ஒன்னு."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அக்கா என் கையைப் பிடித்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"நாங்க எல்லாரும் வேணாம்னுதான் எழுதினோம். எந்தக் கண்ணால படிச்சீங்க?"

"கோவப்படாதீங்க ஆன்டி" என்றார் முகுந்தன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. அவருக்கும் முப்பத்தைந்துக்குக் குறையாது.

கூட்டம் முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து அக்காவின் பாரத்தையே காட்டினார். இராமலிங்கத்தின் முத்து முத்தான கையெழுத்து. மலாயில் இருந்த முதல் வரிக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்: 'நாட்டின் முன்னேற்றத்துக்காக மாண்புமிகு அரசாங்கம் எடுக்கும் இம்முயற்சிக்கு நன்றி கூறி, முழு மனதோடு ஆதரிக்கிறோம்.' கீழே லிப்ட், படிக்கட்டு, கால், வேலை, ஒரு காசும் கொடுக்காதீர்கள் என்ற வேண்டுகோள் எல்லாம் அழகாக இருந்தன. அவற்றின் பக்கத்தில் 'இதர கருத்து' என்று ஒரு குறி.

"நாப்பதாயிரம் போராங் ஆன்டி. மொத ரெண்டு வரிய வெச்சுத்தான் பிரிப்போம். முழு மனசோட ஆதரிக்கிறோம்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"இப்ப மாத்துங்க."

"குளோஸ் பண்ணியாச்சு. ரிப்போர்ட் மேல போயிருச்சு."

"லிப்ட்?"

"அது எங்க பிரிவு இல்ல ஆன்டி."

எதிர்ப்பு என்று எண்ணப்பட்ட அந்த ஒன்று தம்புசாமியுடையது. தப்பும் தவறுமான மலாயில் ஒரே வரி: 'முடியாது, கொடுக்காதே.'

அடுத்த ரயிலிலேயே நானும் அக்காவும் திரும்பினோம். கிள்ளானில் இறங்கியதும் அவளையும் இழுத்துக்கொண்டு நேராகப் போட்டோஸ்டேட் கடைக்குப் போனேன். மேசையில் இருந்த அவருடைய காகிதக் கட்டைத் தட்டிவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"உங்க கும்பிடுல தீய வெக்க! யாரு உங்கள ஆதரிக்கச் சொன்னா? அவ வேலையப் பறிச்சிட்டீங்க அங்கிள்!"

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் குனிந்து காகிதங்களைப் பொறுக்கினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீ டியூஷன்ல மலாய் சொல்லிக் குடுக்கிறவதான? கையெழுத்துக்கு முந்தி நூத்தி அறுபத்துமூனையும் நீதான படிச்சுப் பாத்த?"

படித்தேன். ஒற்றைப் பிழை இல்லை என்று அவரைப் பாராட்டவும் செய்தேன். முதல் வரி என் கண்ணில் படவே இல்லை. அதுதான் எல்லா மனுவிலும் இருக்கிறதே.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆபீஸ்ல இருந்த காலத்துலேர்ந்து நாப்பது வருஷமா எழுதுறேன்மா. ஒரு கூர வந்ததில்ல, ஒரு கார்டு வந்ததில்ல. நான் எழுதினதுல இந்த ஒரு வரியத்தான் அவங்க நம்பியிருக்காங்க."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. ஆனால் அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. அக்காதான் முதலில் திரும்பி நடந்தாள்.

டிசம்பரில் கிளினிக்கில் மூன்றாவது முறை எச்சரித்தார்கள். நான்காவது முறைக்கு அக்கா காத்திருக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதித் தரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தானே எழுதினாள். 'லிப்ட் ஓடவில்லை, நாளையிலிருந்து வர மாட்டேன்.' அவ்வளவுதான் கடிதம். யாருக்கும் அதில் நன்றி சொல்லவில்லை.