எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல

எங்கள் குழந்தைகள் வார்டில் அமராவதி அக்காவுக்குச் சம்பளம் தரை துடைக்கவும் விரிப்பு மாற்றவும்தான். ஆனால் பாதி நாள் டாக்டருக்கு மொழிபெயர்த்தே போய்விடும். ராசா ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அக்கா, இருபத்தைந்து வயதில் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தார். டாக்டருக்குத் தமிழ் வராது. எஸ்டேட் வரிசைவீடுகளான லயத்துச் சனங்களுக்கு மலாய் மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். நடுவில் நின்று தொண்டைத்தண்ணீர் வற்றுவது அக்காவுக்கு. தாதியான எனக்கும் அந்த எரிச்சலில் பங்கு உண்டு.

எல்லாம் ஒரே ஒரு கேள்வியால். மழைக்காலம் வந்தால் கைக்குழந்தைகள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா குழியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்தால் பலன் தெரியவில்லை என்பார் டாக்டர். குடும்பத்தில் ஆஸ்துமா இளைப்போ தோல் அரிப்போ இருந்தால் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். அதனால் கேட்பார். பதில் எப்போதும் ஒன்றுதான்: "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல."

சொல்லும்போதே முழங்கையைச் சொறிந்துகொள்வார்கள்!

"இளைப்பு இருக்குன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்? அதான் மறைக்கிறாங்க. டாக்டர் என்ன மாப்பிள்ள வீட்டுக்காரரா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

எண்பத்து நான்காம் வருஷம் நவம்பரில் கங்காவின் குழந்தை வந்தது. ஐந்து மாதப் பெண். கங்கா வேறு யாருமில்லை, அமராவதி அக்காவின் உடன்பிறந்தவள் மகள். இரண்டு வருஷத்துக்கு முன் கோலசிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டில் லோரி ஓட்டும் செல்லனுக்குக் கட்டிக்கொடுத்தது. கூடவே செல்லனும் அவன் தாயார் நல்லம்மாளும் வந்திருந்தார்கள்.

டாக்டர் கேட்டார். அக்கா தமிழில் கேட்டார். நல்லம்மாள் முந்திக்கொண்டார்.

"எங்க வம்சத்துல அப்படி ஒரு சீக்கே கெடையாது. மருமக வீட்லயும் இல்ல."

கங்கா தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையின் உதடு வெளிறிப்போயிருந்தது. டாக்டர் குழந்தையின் மருத்துவ அட்டையில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அக்கா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். முகம் செத்துப்போயிருந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப சம்மந்தியம்மா என்னத்தான் கேட்டாங்க. நான் ஆஸ்பத்திரிக்காரி, பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லன்னு சாமி படத்துக்கு முன்னால நின்னு சொன்னேன் லா. கங்காவுக்கு ஏழு வயசுலேர்ந்து இளைப்பு. இப்ப சொன்னா அவ வாழ்க்க என்ன ஆவறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரையே திட்டிய வாய்தானே இது? "சொல்லாட்டி புள்ள என்னக்கா ஆவறது?" என்றேன்.

அக்கா நேராக டாக்டரிடம் போய் மலாயில் சொன்னார். பிறகு கட்டிலடிக்கு வந்து தமிழிலும் சொன்னார்.

"கங்காவுக்குச் சின்ன வயசுலேர்ந்து இளைப்பு. மறைச்சது நான். திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க."

நல்லம்மாள் கொதித்தெழுந்தார். "ஏமாத்திக் கட்டிவெச்சீங்களா? இவள இப்பவே..." அதற்குமேல் முடியவில்லை. மார்பைப் பிடித்துக்கொண்டு வீசு வீசென்று மூச்சு வாங்கினார்.

"அம்மா, ஒனக்கும்தான் இருக்கு. பொட்டிக்கு அடியில மாத்திர வெச்சிருக்கியே, அது என்னாவாம்?" என்றான் செல்லன்.

டாக்டருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அட்டையில் 'இல்லை'யை அடித்துவிட்டு, 'இரு பக்கமும் உண்டு' என்று எழுதினார்.

அன்றே மருந்து தொடங்கியது. நான்காம் நாள் குழந்தை முழுதாகப் பால் குடித்தது. மருந்தாலா, நோய் தானாக இறங்கியதா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கங்காவை யாரும் வீட்டைவிட்டு அனுப்பவில்லை. எந்த வாயால் அனுப்புவார்கள்?

வீட்டுக்குப் போகும் காலையில் நல்லம்மாள், குழந்தையின் அட்டையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"சம்மந்தி, இதுல எழுதினத அழிச்சிட்டு வேற குடுக்கச் சொல்லுங்க. பொம்பளப்புள்ள. நாளைக்கு மாப்பிள்ள பாக்கணும்ல?"

அக்கா அட்டையை வெடுக்கென்று வாங்கி, குழந்தையைச் சுற்றியிருந்த துணிக்குள் செருகினார்.

"இத நீ தொலைச்சே, கோலசிலாங்கூருக்கே வந்து ஒதைப்பேன்" என்றார், கங்காவைப் பார்த்து.