அந்த வீட்டு அம்மா

பர்மாவில், பசுந்தாங் பகுதியிலுள்ள என் மாடி வீட்டில், வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு சொல்லித் தருகிறேன். ஒரு மாணவியோடு அவளுடைய அம்மாவும் வருவார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய, மெலிந்த தமிழ்ப் பெண். மகளைத் தனியே அனுப்பப் பயந்து, வகுப்பு முடியும்வரை பின்னால் உட்கார்ந்திருப்பார். தெருவில் லாரி வந்து நின்றால் போதும், எழுந்துபோய்ச் சன்னலைச் சத்தமில்லாமல் சாத்துவார்.

அன்று அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பாடம். சில வீடுகளில் அண்ணன் வடக்குப் படையிலும் தம்பி தெற்குப் படையிலும் இருந்தார்கள் என்று சொன்னேன்.

அதுவரை வகுப்பில் வாய் திறக்காத அந்த அம்மா, "சயா, அந்த வீட்டு அம்மா யாருக்காகச் சாமி கும்பிட்டுச்சு?" என்று கேட்டார். சயா என்றால் பர்மியத்தில் ஆசிரியர்.

"புத்தகத்துல அது இல்லீங்கம்மா."

"ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்களா?"

மகள் தலை குனிந்தபடி, "போதும்மா" என்று பர்மிய மொழியில் சொன்னாள்.

பிறகு படியிறங்கும்போது அவளே என்னிடம் விவரம் சொன்னாள். பெரிய அண்ணனைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். சின்ன அண்ணன் அதற்கு முன்பே காட்டுக்குப் போய், ராணுவத்தை எதிர்க்கும் போராளிகளோடு சேர்ந்திருந்தான்.

ஒரு மாதம் கழித்து அவள் தனியாக வந்தாள்.

"அம்மா வரலையா?"

"அண்ணன் செத்துப்போச்சு, சயா. அம்மா எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க."

எந்த அண்ணன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்காமல் புத்தகத்தைத் திறந்தேன். யாருக்காகத் துக்கப்படுகிறேன் என்று தெரியாமலே அன்றைய பாடத்தை நடத்தி முடித்தேன்.