இழுக்க மறந்த கை

ஹார்லன் ட்வெட் லூத்தரன் சபைக்காரர். மனிதன் தன் உழைப்பால் மீட்படைய முடியாது, கடவுளின் அருளால் மட்டுமே முடியும் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லிவிட்டு வருவார். வியாழக்கிழமை துப்பாக்கி கிளப்பின் சுடுதிடலுக்கு வந்ததும் கொள்கை மாறிவிடும். அங்கே இரண்டாவது தோட்டாவை மனிதன் உழைத்துத்தான் பெற வேண்டும்.

அவருடையது பம்ப் துப்பாக்கி. ஒரு முறை சுட்டதும் இடக்கை முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும். சுட்ட தோட்டா வெளியே தெறிக்கும், புதியது உள்ளே ஏறும். அவர் பிறப்பதற்கு முன்பே செய்த துப்பாக்கி அது. கை படும் இடங்களில் நீலப் பூச்சு போய் இரும்பு வெள்ளியாகப் பளபளத்தது. அதற்கு மறுபூச்சு அடிக்கலாமே என்று யாரோ ஒருமுறை கேட்டார். அவருடன் ஹார்லன் ஒரு வேட்டைக் காலம் முழுக்கப் பேசவில்லை.

வெர்னன் ஷேஃப்பவர் ஊரில் விதையும் உரமும் விற்பவர், கத்தோலிக்கர். நற்செயல் செய்யாதவனுக்குச் சொர்க்கம் இல்லை என்பது அவர் பக்கத்து நம்பிக்கை. அவர் வைத்திருந்ததோ ஒரு பழைய ஆட்டோமேட்டிக் துப்பாக்கி; பின்புறம் கூன் விழுந்ததுபோல் இருப்பதால் கூன்முதுகு ஆட்டோ என்று பெயர். விசையை அழுத்தினால் போதும், உதைப்பின் வேகத்திலேயே அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். ஆக, துப்பாக்கி விஷயத்தில் மட்டும் இருவரும் ஒருவர் மதத்துக்கு ஒருவர் மாறியிருந்தார்கள். தென் டகோட்டாவின் அந்தச் சிற்றூரில் நாற்பது வருடமாக நடந்த ஒரே மதச் சண்டை இதுதான்.

"ஆட்டோன்னா என்னிக்காவது சிக்கும். பம்ப் சிக்கவே சிக்காது. ஏன்னா அது மனுஷன் கைய நம்பியிருக்கு" என்பார் ஹார்லன்.

"மனுஷன் கைய நம்புறதுதான்டா உன் கோளாறு" என்பார் வெர்னன்.

இப்படி இருக்கையில் ஹார்லனின் வலது தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. துப்பாக்கியால் அல்ல, பனி அள்ளியதால். அறுவை செய்த டாக்டர் அவரை உட்காரவைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பம்ப் துப்பாக்கியின் உதையை இந்தத் தோள் இனி தாங்காது, சுட்டே ஆக வேண்டுமென்றால் உதை குறைந்த ஆட்டோவாகப் பாருங்கள். கத்தோலிக்கராக மாறச் சொல்லியிருந்தால்கூட ஹார்லன் நிதானமாக யோசித்திருப்பார்.

இரண்டு மாவட்டம் தள்ளி, ஒரு பண்ணை ஏலத்தில், தன்னை யாருக்கும் தெரியாத இடத்தில், அவர் ஒரு கூன்முதுகை வாங்கினார். அதை இரண்டாகக் கழற்றலாம் என்பதால் மீன்பிடிப் பையில் அடங்கியது. மனைவி ஆர்லிஸின் தையல் அறையில், துணி மூட்டைகளுக்குப் பின்னால் அதற்கு இடம் கிடைத்தது.

"வேற பொம்பளைய வச்சிருந்தாக்கூட என் தையல் ரூம்ல கொண்டாந்து ஒளிச்சிருக்க மாட்டே" என்றார் ஆர்லிஸ்.

டாக்டர் ஆகஸ்ட் வரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பதாக ஹார்லன் கிளப்பில் அறிவித்தார். வியாழன்தோறும் மைத்துனரின் கைவிட்ட ஜல்லிக்குழிக்கு 'மீன்பிடிக்க'ப் போனார். அங்கே கையால் எறியும் கருவியை வைத்து மண்புறாக்களை, அதாவது ஆரஞ்சு நிற மண் தட்டுகளை, மைத்துனர் வீச, இவர் சுட்டார். தோள் வலிக்கவில்லை. துப்பாக்கி இதமாகத் தள்ளியது. இடக்கைக்கு வேலையே இல்லை. அது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று எண்ணும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வியாழனும் போனார். மீனே கொண்டுவராமல் வாராவாரம் மீன்பிடிக்கப் போகிறவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் இரக்கப்பட்டு வறுத்த மீன் கொடுத்தனுப்பினார்கள்.

ஒரே ஒரு சிக்கல். கூன்முதுகின் உள்ளே ஒரு வளையம் உண்டு. தோட்டாவின் கனத்துக்கேற்ப அதை இடம் மாற்றிப் போட வேண்டும். தப்பாகப் போட்டால் ஒன்று தோட்டா ஏறாது, இல்லையென்றால் முன்கட்டையே பிளந்துவிடும். கேட்பதற்கு ஊரில் இருந்த ஒரே ஆள் வெர்னன். உணவுக்கடையில் காப்பி ஆறும்வரை ஹார்லன் தயங்கினார்.

"அந்த வளையத்த எந்தப் பக்கம் போடுவே? சும்மாதான் கேக்கறேன், சிரிக்கிறதுக்கு."

வெர்னன் முகம் மலர்ந்தது. உப்புக் குப்பியைக் குழாயாகவும் மோதிரத்தை வளையமாகவும் வைத்துப் பாடம் நடத்தினார். "லேசான தோட்டான்னா சுருள்வில்லுக்குக் கீழ. கனமான தோட்டான்னா மேல. சிரி, ஏன் சிரிக்கல?"

"அப்புறமா சிரிச்சுக்கறேன்" என்றார் ஹார்லன்.

ஆகஸ்டில் கிளப்பின் பழந்துப்பாக்கி நாள் வந்தது. விதி ஒன்றுதான்: துப்பாக்கி, சுடுபவரைவிட வயதில் மூத்ததாக இருக்க வேண்டும். பரிசு, பஞ்சடைத்துப் பாடம் செய்த ஒற்றைக் கண் ஃபெசன்ட் சேவல், அதாவது நீள வால் காட்டுக்கோழி. ஜெயித்தவர் அதை ஒரு வருடம் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கலாம். மனைவிமார் எல்லோரும் தங்கள் கணவர் தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும் போட்டி அது ஒன்றுதான். ஹார்லன் பம்ப் துப்பாக்கியோடு வந்தார். ஒரு நாள்தானே, தோள் தாங்கும் என்று கணக்குப் போட்டார். அவர் இல்லாமல் போனால் பம்பின் பக்கம் பேச ஆளில்லை. பம்பின் மானம்தான் தன் மானம் என்று அவர் நம்பினார்.

ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் ஒற்றைப் புறாச் சுற்றுகளில் தோள் எரிந்தது, ஆனால் கண் தவறவில்லை. கடைசியில் ஹார்லனும் வெர்னனும் மட்டும் சமமாக நின்றார்கள். இனி ஜோடிச் சுற்று: இரண்டு புறாக்கள் ஒரே நேரத்தில் பறக்கும், ஆளுக்கு ஒரு ஜோடி. வெர்னன் முதலில் சுட்டார். இரண்டும் தூளாயின.

ஹார்லன் கன்னத்தைக் கட்டையில் பதித்தார். "விடு" என்றார். எறியும் இயந்திரம் இருந்த பதுங்குகுழியிலிருந்து இரண்டு தட்டுகள் கிளம்பின. முதலாவது ஆரஞ்சுப் பொடியாகக் காற்றில் கரைந்தது. குழல் இரண்டாவதைத் தேடிப் போய், சரியாகப் பிடித்தது. விசையை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

தட்டு நிதானமாகப் பறந்து, நிதானமாக இறங்கி, புல்லில் முழுசாக உட்கார்ந்தது. ஹார்லன் தன் இடக்கையைப் பார்த்தார். அது முன்கட்டையின் மேல் சுகமாகப் படுத்திருந்தது. துப்பாக்கி தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் என்று அது காத்திருந்தது. கோடைகாலம் முழுக்க ஜல்லிக்குழியில் அதற்குக் கற்பித்தது அதுதான்.

மதிப்பெண் சொல்லும் டோரீன், உணவுக்கடைக்காரி, நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு ஹார்லன்? துப்பாக்கி சிக்கிடுச்சா? சிக்கியிருந்தா இன்னொரு ஜோடி உண்டு. உங்க தப்புன்னா கிடையாது."

அதற்குள் வெர்னன் முந்திக்கொண்டார். "சிக்கிடுச்சு டோரீன், நான் பார்த்தேன். பாவம், இன்னொரு ஜோடி விடுங்க."

என்ன பெருந்தன்மை. ஹார்லனுக்கு அது புரிந்துபோயிற்று. பம்ப் சிக்கியது என்று ஹார்லனின் வாயால் கேட்பதற்காக வெர்னன் நாற்பது வருடம் காத்திருக்கிறார். அதற்கு ஒற்றைக் கண் சேவல் மலிவான விலை. ஆமாம் என்றால் இன்னொரு ஜோடி கிடைக்கும், சேவலும் கிடைக்கலாம், ரகசியமும் தப்பிக்கும். பம்பின் பெயர் மட்டும் கெடும். இல்லை என்றால் பம்ப் தப்பிக்கும், தான் மாட்டிக்கொள்வார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"சிக்கல" என்றார் ஹார்லன்.

"பின்ன?"

"இழுக்க மறந்துட்டேன்."

வெர்னன் மெதுவாகக் கேட்டார். "நாப்பது வருஷமா இழுத்தவன் எப்படிடா மறப்பான்? மறக்கணும்னா, இழுக்கத் தேவையில்லாத ஒண்ண ரொம்ப நாள் சுட்டிருக்கணும்."

ஹார்லன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"அதான் அன்னிக்கு வளையத்தப் பத்திக் கேட்டியா?" வெர்னன் குரலில் வெற்றி இருந்தது, கூடவே ஒரு பாசமும் இருந்தது, அதை மறைக்கத்தான் கொஞ்சம் உரக்கப் பேசினார். "மீன் பிடிக்கப் போறேன், மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னியே. என் பொண்டாட்டி உனக்கு மீன் வறுத்து அனுப்பிச்சாடா."

"நல்லா இருந்துச்சு" என்றார் ஹார்லன்.

பலகார மேசையில் பழம் வைத்த 'பை' பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸ் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இனிமே அந்தத் துப்பாக்கிய எடுத்துக் கூடத்துல வை. என் மெஷினுக்கு இடம் வேணும். எப்படியும் அந்தச் சேவல் நம்ம வீட்டுக்கு வரல, சந்தோஷம்."

டோரீன் "தவறியது" என்று அறிவித்தார். சேவல் வெர்னன் வீட்டுக்குப் போனது. வெர்னன் மனைவி அன்று மாலை ஹார்லனிடம், கொஞ்சம் முயற்சி செய்திருக்கக் கூடாதா என்று வருத்தத்தோடு கேட்டார்.

தான் அவமானப்பட்டாலும் துப்பாக்கியைக் காட்டிக்கொடுக்காதவர் என்று கிளப்பில் ஹார்லனின் மதிப்பு கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆனால் உணவுக்கடையில் யார் காப்பி கொண்டுவந்து வைத்தாலும் "இழுக்க மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அக்டோபரில் ஃபெசன்ட் வேட்டை தொடங்கியது. ஒளிக்க இனி எதுவும் இல்லாததால் ஹார்லன் கூன்முதுகையே எடுத்துவந்தார். வளையத்தை வெர்னன் ஒருமுறை கழற்றிப் பார்த்துச் சரி என்றார். அறுத்த சோளக்கொல்லையின் ஓரமாக இருவரும் நாணல் காட்டை நோக்கி நடந்தார்கள். ஹார்லனின் காலடியிலிருந்தே ஒரு சேவல் கூவிக்கொண்டு எழும்பியது. முதல் தோட்டா அதன் வாலுக்குப் பின்னால் போனது. இரண்டாவது தயாராக இருந்தது, பறவையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆனால் இடக்கை ஆகஸ்ட் அவமானத்தை மறக்கவில்லை. முன்கட்டையைப் பிடித்து ஓங்கி இழுத்தது. அசையாத கட்டை. குழல்தான் தாழ்ந்தது. இரண்டாவது தோட்டா நாணலைச் சீவியது. சேவல் அடுத்த மாவட்டத்தை நோக்கிப் போய்விட்டது.

வெர்னன் நின்று, தொப்பியைக் கழற்றி, மரியாதையாகக் கேட்டார்: "சிக்கிடுச்சா?"

ஹார்லன் காலித் தோட்டாக்களைக் குனிந்து பொறுக்கினார். நிமிரும்போது முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"பார்த்தியா, இதுதான் ஆட்டோவோட கோளாறு" என்றார். "கைக்கு வேலை குடுக்கலைன்னா, அது தானா ஒரு வேலையத் தேடிக்கும். பம்ப்ல இந்தத் தொல்லையே கிடையாது."