செல்வாம்பாள் நின்ற வரிசை

நெல்லித்தோப்பில் பஞ்சர் கடை வைத்திருந்த கன்னியப்பனுக்குச் சண்டைப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். புதுப் படம் வந்தால் முதல் நாள், முதல் காட்சி. ஆனால் ஐயா ஒரு நாளாவது டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றிருப்பாரா என்று கேளுங்கள். ஊஹூம். ஆம்பளைங்க வரிசையில் நின்றால் சட்டை கிழியும், செருப்பு போகும். லேடீஸ் கவுண்டரில் அந்தத் தள்ளுமுள்ளு கிடையாது, ஆளுக்கு நாலு டிக்கெட் வேறு தருவார்கள். அதனால் பெண்டாட்டி செல்வாம்பாளை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இவன் கூட்டாளிகளோடு எதிர்க்கடையில் டீ குடிப்பான். ஊரில் பாதிப் பேர் செய்கிறதுதானே, இவன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்பீர்கள். சொல்கிறேன்.

செல்வாம்பாளுக்கு வெட்டும் குத்தும் ஆகாது. பாட்டுதான் உயிர். அவள் வீட்டு வேலை பார்த்தது ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் அவர். அங்கே ரேடியோவில் வருகிற பாட்டையெல்லாம் பாத்திரம் துலக்கிக்கொண்டே மனப்பாடம் பண்ணிவிடுவாள். பதினேழு வருஷக் குடித்தனத்தில் அவளை ஒரு பாட்டுப் படத்துக்கு அவன் கூட்டிப் போனதில்லை. தியேட்டரில் போய் எவனாவது தாலாட்டு கேட்பானா என்று கிண்டல் பண்ணுவான்.

இரண்டாயிரத்து நாலு தீபாவளிக்கு ஊரில் ரெண்டு தியேட்டரில் ரெண்டு படம். ஒன்று இவனுடைய தலைவர் நடித்த சண்டைப் படம். இன்னொன்று புதுமுகங்கள் நடித்த காதல் படம், முக்கால்வாசி பாட்டு. அப்போது செல்வாம்பாளுக்கு இதய வால்வு கெட்டு, கால் ரெண்டும் வீங்கிக் கிடந்தது. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இந்த வாட்டி அந்தப் பாட்டுப் படத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு நீ போய் நில்லு."

நின்றாள். தீபாவளிக் கூட்டம், லேடீஸ் கவுண்டரிலேயே ஒன்றரை மணி நேரம். கம்பியைப் பிடித்தபடி நின்று நாலு டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள்.

படமா அது? கண்றாவி. கார் பறந்தது, ஆள் பறந்தான், கதை மட்டும் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இடைவேளைக்குள் விசிலடித்தவனெல்லாம் கொட்டாவி விட்டான். வெளியே வந்த கன்னியப்பன் டைரக்டரின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினான். பின்னால் செல்வாம்பாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள், வீங்கின காலில் அது ஏறவில்லை. அதையும் பார்த்தான் பாவி. பார்த்துவிட்டு மறுபடியும் டைரக்டரைத்தான் திட்டினான்.

அந்த அடுத்த வாரம் அவளுக்கு வரவில்லை. ஆறாம் நாள் காலையில் மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்து வருவதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் கன்னியப்பன் அந்தப் பாட்டுப் படத்துக்குத் தனியாகப் போனான். படம் மாற்றிவிடுவார்கள், அதற்குள் சொன்ன சொல்லையாவது காப்பாற்றுவோம் என்று ஒரு நினைப்பு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தூங்கிவிடுவோம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தான். பாதிப் படத்தில் ஒரு பாட்டு. திருவிழாவில் ஆடி முடித்த பெண்ணை அந்தப் பையன் படியில் உட்கார வைத்து, கால் வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பாட ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான். கன்னியப்பன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். பதினேழு வருஷத்தில் அந்த ஒரு கேள்வியை அவன் அவளிடம் கேட்டதே இல்லை.

படம் விட்டதும் வெளியே வந்தான். அடுத்த காட்சிக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை என்று ஒன்றுமே இல்லை. லேடீஸ் கவுண்டர் சாத்தியிருந்தது. ஏன் என்று டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டான்.

"அதைத் தொறக்கறதே இல்லிங்க. இந்தப் படத்துக்கு எங்க கூட்டம்?"

"தீபாவளி அன்னிக்கு?"

"அன்னிக்கும் இப்டிதான். வந்தவங்க நேரா உள்ள போய் உக்காந்தாங்க. யாரும் நிக்கவே இல்ல."

கன்னியப்பன் மூடிக் கிடந்த லேடீஸ் கவுண்டருக்கு முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. வாட்ச்மேன் வந்து ரெண்டு தடவை கூப்பிட்டும் நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றான். கால் வலித்தது.