ரைட்டருக்காக வளர்த்த மிளகாய்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதிய ரைட்டர், தினமும் என் வீட்டு வாசல் செடியில் கேட்காமலே மிளகாய் பறிப்பார். "உன்னாட்டமே உன் மிளகாயிலயும் காரமில்லடா" என்று எல்லார் முன்பும் சிரிப்பார். கூச்சத்தில் நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

சேலம் சந்தையில் இருப்பதிலேயே காரமான வற்றலை வாங்கி விதை எடுத்தேன். மலைக் குளிரில் முளைக்காதென்று பால் டப்பாவில் விதைத்து அடுப்போரம் வைத்தேன். நாற்று வந்ததும் பழைய செடியைப் பிடுங்கிவிட்டு அங்கேயே நட்டேன். நான்கு மாதம், அவர் வாய் வெந்துபோவதை நினைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

காய்த்ததும் கை நிறையப் பறித்துப் போனார்.

மறுநாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கைக்குழந்தையோடு என் வாசலில் நின்றார். குழந்தையின் கண்கள் வீங்கியிருந்தன. மிளகாய் கிள்ளிய கையால் அவர் மனைவி அதன் முகத்தைத் துடைத்துவிட்டாராம்.

"நொம்ப அழுதுட்டானுங்க. கேக்காம பறிச்சது என் தப்புங்க, மன்னிச்சுக்குங்க."

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், "பரவால்லீங்க, உடுங்க" என்று நான் அவரை மன்னித்து அனுப்பினேன்.

இதை எழுதப் பதினோரு வருடமாயிற்று. 1989, தை மூன்றாம் தேதி.